அறுநூற்றுப் பதின்மூன்றை ஐந்தால் வகுத்தவர்

எங்கள் ஆபீசில் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவரை நினைத்தால் எனக்கு முகத்துக்கு முந்தி அவருடைய இடது உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதில் எந்நேரமும் பென்சில் கிறுக்கல் இருக்கும். எந்தக் கணக்கைக் கேட்டாலும் உதடு இரண்டு தடவை அசையும், பென்சில் உள்ளங்கையில் ஒருமுறை ஓடும், விடை விழுந்துவிடும். விழுந்த விடையை வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்று நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். கையை மூடிக்கொள்வார். "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்பார். மிஷினைத் தட்டி, மிஷின் சொன்ன பிறகு, மூடிய கையைத் திறந்து எட்டிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்பார். மிஷின் சரியா, கை சரியா என்பதை மட்டும் சொன்னதே இல்லை.

நான் அங்கே வேலை பார்த்த வருடங்களில் அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தேனி வட்டாரத்தில் அவரை மிஞ்சிக் கணக்குப் போடுகிற தலை இன்னொன்று கிடையாது என்று எஞ்சினியர்களே ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தலையை நம்பாத ஆள் இந்த ஊரிலேயே ஒருவர்தான். அது அவரேதான்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தேனியில் ஒரு ஜவுளிக் கடை மாடியில் மூன்று அறை, அவ்வளவுதான். முதலாளி ஒரு எஞ்சினியர். வீட்டு பிளான், அரிசி மில் பிளான், நிலத்தை அளந்து வரைபடம் போடுவது என்று கூடலூர் வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து வேலை வரும். ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைவார். நான் அதன்மேல் டிரேசிங் ஷீட்டை விரித்து, கோட்டுக்குக் கோடு இங்க் பேனாவால் ஏற்றுவேன். அந்த வேலைக்கு டிரேசர் என்று பெயர். அடுத்தவர் போட்ட கோட்டைப் பிசகாமல் போட்டால் நல்ல பெயர், சொந்தமாக ஒரு கோடு போட்டால் திட்டு. பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற உத்தியோகம் என்று வீட்டில் எல்லாருக்கும் பரம திருப்தி. பழனிசெட்டிபட்டியிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து இந்தச் சேவையைச் செய்துகொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் அவரிடம் ஒரு ஸ்லைடு ரூல் இருந்தது. ஸ்கேல் மாதிரி இருக்கும், நடுப்பட்டையை இழுத்து இழுத்துப் பெருக்கல் வகுத்தல் பார்ப்பார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்து வந்த யாரிடமோ சொல்லி, சிவப்பு எண் எரிகிற கால்குலேட்டர் ஒன்றை வரவழைத்தார். அது வந்ததும் ஸ்லைடு ரூல் முன்சீப் கோர்ட் ஆகிவிட்டது. அங்கே தீர்ப்பு வாங்கி, இங்கே அப்பீல் செய்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிளானில் எண் ஏறும். சொந்தத் தலைக்கு அந்த வரிசையில் எந்த இடமும் இல்லை. அது மனு எழுதிக் கொடுக்கிற மரத்தடி.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "கையில எழுதி வெச்சிருக்கீக. சரின்னு உங்களுக்கே தெரியுது. அப்பறம் எதுக்கு சார் அந்தப் பெட்டியத் தட்டிக்கிட்டுக் கெடக்கீக?"

"என் தலை என்னுதும்மா. எனக்கு வேண்டியதத்தான் அது சொல்லும்" என்றார். "மிஷினுக்குச் சொந்தம் கெடையாது, பந்தம் கெடையாது. அதுகிட்டக் கேட்டாத்தான் ஞாயம்."

எங்கள் பக்கத்தில் ஒரு சந்தின் அகலத்தைச் சொன்னால்கூட, அளந்தவன் யாருக்கு மச்சான் என்று விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்கள். அந்த வகையில் அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் ஏழையும் எட்டையும் பெருக்குகிற கணக்குக்குள்ளுமா மச்சான் வந்து நிற்பான்? இதையும் கேட்டேன். "நிப்பான்" என்றார்.

இது டீக்கடை வரைக்கும் பிரசித்தம். அவர் உள்ளே நுழைந்தாலே யாராவது ஒருத்தர், "சார், முப்பத்தேழை நாப்பத்தாறால பெருக்குனா?" என்று ஆரம்பிப்பார்கள். உதடு அசையும். கை மூடும். "ஆபீசுக்குப் போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்." கேட்டவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் மறக்க மாட்டார். சாயங்காலம் அதே கடைக்குப் போய், கேட்டவர் இல்லாவிட்டால் டீ மாஸ்டரிடமாவது, "ஆயிரத்தி எழுநூத்தி ரெண்டு, அவுக வந்தாச் சொல்லிருங்க" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். டீ மாஸ்டருக்கு அந்தக் காலத்தில் பொது அறிவு நன்றாக வளர்ந்தது.

எண்பதுகளின் கடைசியில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதுவரை ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தது என் மேஜை. கம்ப்யூட்டருக்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது, ஏ.சி. வேண்டும் என்று சொல்லி ஜன்னலை அடைத்தார்கள். என் மேஜையைத் தூக்கி, பிரின்ட் போடுகிற அமோனியா பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, எனக்கு அமோனியா ஆகும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. நாள் முழுக்கக் கண்ணில் நீர் வடிய கோடு போட்டேன். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆயுத பூஜை அன்று திரையிலேயே சந்தனம் வைத்துவிட்டார்கள். துடைக்க யாருக்கும் தைரியம் வராததால் ஒரு மாதம் வரை எந்த வீட்டு பிளானைப் பார்த்தாலும் ஹாலுக்கு நடுவில் ஒரு பொட்டு இருந்தது.

படம் வரைகிற புரோகிராமைக் கற்றுக்கொள்ள ஹெட் டிராஃப்ட்ஸ்மேனைப் பத்து நாள் மதுரைக்கு அனுப்பினார் முதலாளி. போய்விட்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கோடு போட, வட்டம் போட எல்லாம் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தார், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் என்னைக் கூப்பிட்டு முதலில் காட்டியது கோட்டையும் இல்லை, வட்டத்தையும் இல்லை. அந்தப் புரோகிராமுக்கு உள்ளேயே கணக்கும் போடலாமாம்.

"இங்கன பாரும்மா. மொதல்ல ஒரு அடைப்புக்குறி. அப்பறம் கூட்டலா, பெருக்கலா, வகுத்தலான்னு சொல்லிப்புடணும். அதுக்கு அப்பறந்தான் எண்ணு. என்ன வேலைன்னு மொதல்ல சொல்லு, பெறகு சாமானக் குடு. கொத்தனாருக்கும் அப்பிடித்தான?"

அவ்வளவு பெரிய யந்திரத்தை, ஏ.சி. போட்டு, ஜன்னல் அடைத்து, என்னை அமோனியாவில் ஊறப்போட்டு, இவர் கண்டுகொண்டது இன்னொரு கால்குலேட்டரை. பழைய கால்குலேட்டர் அன்றைக்கே மேஜை டிராயருக்குள் போய்விட்டது. சுப்ரீம் கோர்ட் வந்த பிறகு அப்பீலுக்கு ஏது வேலை?

"இனிமே டிரேசிங்கையும் இதுவே பண்ணிரும் போல இருக்கும்மா" என்று ஒருநாள் சொன்னார். என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அவருக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாது. எனக்கு நொந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் என்றைக்குத் தப்புப் பண்ணும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். இதை இப்போது மறைத்துச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கரண்ட் போனால் எங்கள் ஆபீசில் கணக்கும் போய்விடும். ஒரு தடவை போடியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து மாடிப்படிக்கு எத்தனை படி, என்ன உயரம் என்று கேட்டு நின்றார். உதடு அசைந்தது, பென்சில் ஓடியது, கை மூடியது. கரண்ட் இல்லை.

"கரண்ட் வரட்டும், சொல்றேன்."

"ஆளுக அங்கன சும்மா ஒக்காந்திருக்காக சார். கரண்ட் எப்ப வரும்?"

"அத ஈ.பி.யிலதான் கேக்கணும்."

மேஸ்திரி தலையில் கை வைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பைலை எடுத்துக்கொண்டு போய் இதில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று நீட்டினேன். பைலைப் பிடிக்க இடது கையைத் திறந்தார். உள்ளங்கையில் இருந்ததை நான் படித்துவிட்டு நேராகப் படிக்கட்டுக்குப் போய், "பத்தொம்பது படி, ஆறரை அங்குலம். கெளம்புங்க" என்றேன். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மிஷினிலும் அதே பத்தொன்பது, அதே ஆறரை. சொல்வதற்காக வெளியே ஓடிவந்தார். "அவுக அப்பவே போயிட்டாக சார்" என்றேன். என்னையும் தன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது. அது ஏன் என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் தேவாரம் என்கிற ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான்கு அண்ணன்மார், ஒரு தங்கை. அப்பா விட்டுப்போன ஒரே நிலம், மலையடிவாரத்தில். மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே வண்டிப்பாதையில் முடியும். பாதையை ஒட்டியே கிணற்று வாய்க்கால். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு: மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். கடைசியில் எடுக்கப்போகிறவர்தான் வைக்கிறார் என்றால் ஒழுங்காக வைப்பார் என்று பெரியவர்கள் மனிதனைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு. அந்த முறைப்படி தங்கை முதலில் எடுத்தாள். பாதையும் வாய்க்காலும் இருக்கிற கிழக்குக் கடைசிப் பங்கு வேண்டும் என்றாள். பெரியண்ணனுக்கு அதில் முகம் சுருங்கியது. பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு கொடுப்பதே பெரிசு, அதில் நல்ல பங்கையும் கொடுப்பதா? முறையை மீறவும் முடியவில்லை. ஐந்து பங்கும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க சார்" என்றார். "மனுசன் பிரிச்சா நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். மிஷினு சொல்லிருச்சுன்னா ஒரு பய வாயத் தெறக்க முடியாது."

எங்கள் ஆளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. தான் இத்தனை வருடம் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்கிறாரே.

நிலம் என்றால் நாங்கள் எப்போதும் மீட்டரில் அளப்போம். இருபத்து நான்கு புள்ளி மூன்று ஐந்து என்று எந்த எண்ணை எடுத்தாலும் நடுவில் ஒரு புள்ளி இருக்கும். அந்தக் குடும்பத்தின் பழைய பத்திரம் அடிக்கணக்கில் இருந்தது. அடியில்தான் வேண்டும் என்றார் பெரியண்ணன். டேப் பிடித்துப் பார்த்ததில் மேற்கே இருந்து கிழக்கே சரியாக அறுநூற்றுப் பதின்மூன்று அடி. அங்குலம் மிச்சமில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பிரின்டை வாங்கிக்கொண்டு போக நான் பக்கத்தில் நின்றேன். உதடு அசைந்தது. உள்ளங்கையில் 122-7 என்று விழுந்தது. நூற்றிருபத்திரண்டு அடி, ஏழு அங்குலம். கையை மூடினார். அடைப்புக்குறி, வகுத்தல் குறி, 613, 5 என்று தட்டினார். திரையில் 122 என்று வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

கையைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி தட்டினார். 122. எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 122.

"சார்?" என்றேன்.

"மூணு தடவ கேட்டாச்சும்மா. மூணு தடவையும் அதையேதான் சொல்லுது. பொய் சொல்றவன் மூணு தடவ ஒரே மாதிரி சொல்லமாட்டான்."

கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார். அவ்வளவு நாளில் 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லாமல் அந்தக் கையை அவர் துடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நிலத்தின் எல்லையை முதலிலேயே அறுநூற்றுப் பதின்மூன்று அடிக்குப் போட்டிருந்தார். அதற்குள் மேற்கிலிருந்து நூற்றிருபத்திரண்டு அடிக்கு ஒரு கோடாக ஐந்து கோடு தள்ளிப் போட்டார். ஐந்தாவது கோடு கிழக்கு எல்லைக் கோட்டின்மேல் போய் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பிரின்டை என் மேஜைக்குக் கொண்டுவந்து டிரேசிங் ஷீட்டை விரித்தேன். கிழக்கு ஓரத்துக்கு வந்ததும் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு, நடுவில் ஓர் அரிசி கனத்துக்கு இடைவெளி. என் பேனா நின்றது.

எனக்குத் தலைக்கணக்கு அவரளவுக்கு வராது. ஆனால் ஐந்து நூற்றிருபத்திரண்டு அறுநூற்றுப்பத்து என்பதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். மூன்றடி இடைவெளி. அவர் தண்ணீர் குடிக்க வந்து பானைப் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்தார். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்டால் உட்கார்ந்து திருத்திவிடுவார். திருத்திவிட்டால் கம்ப்யூட்டர் தப்புப் பண்ணியது ஊருக்குத் தெரியாமலே போய்விடும். படம் வெளியே போகட்டும், முதலாளி மானம் கப்பலேறட்டும், ஜன்னலைத் திறந்து என் மேஜையைப் பழைய இடத்தில் போடட்டும். இவ்வளவுதான் நினைத்தேன். அந்த மூன்றடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி நிற்பாள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. இரண்டு கோட்டையும் பிசிறில்லாமல் ஏற்றினேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்தப் படத்தை முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் எழுதுகிறவர் பார்த்து, தலா நூற்றிருபத்திரண்டு அடி என்று எழுதினார். ஐந்து பங்காளிகளும் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் போட்டது என்றதும் ஒருவருக்கும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பத்திரம் பதிவாகிவிட்டது.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் அந்தத் தங்கை படியேறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. மடித்த படத்தை மேஜைமேல் போட்டாள்.

"இத வரைஞ்ச மகராசன் யாரு?"

"நாந்தாம்மா" என்றார்.

"கெழக்கால மூணு அடிய யாருக்கும் இல்லாம விட்டு வெச்சிருக்கீக. எங்க பெரியண்ணன் அது பொதுன்னு சொல்லி முள்ள வெட்டிப் போட்டு அடைச்சிட்டாக. பாதையில இருந்து என் காட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியல. வாய்க்கால்ல இருந்து தண்ணி திருப்ப முடியல. தக்காளி பழுத்துக் கெடக்குது. கூடை கூடையா முள்ளுக்கு மேல தூக்கிக் குடுத்துக்கிட்டிருக்கேன், பாதி நசுங்கிப் போகுது. கேட்டா, கம்ப்யூட்டரு ஒனக்கு நூத்திருவத்திரெண்டுதான் குடுத்துச்சு, அதுக்கு மேல ஆசப்படாதங்குறாக. இன்னும் ரெண்டு வாரம் இப்பிடிப் போச்சுன்னா செடியப் புடுங்கிப் போட்டுட்டு அவுககிட்டயே நெலத்தக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். அதுக்குத்தான் இம்புட்டும்."

அவர் எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனார். அவளும் செருப்பைக் கழற்றாமல் பின்னாலேயே போனாள். அடைப்புக்குறி, வகுத்தல், 613, 5. திரையில் 122.

"நான் பள்ளிக்கொடம் போனது ரெண்டே வருசம்" என்றாள். "எனக்கே தெரியுது, அஞ்சு நூத்திருவத்திரெண்டு அறுநூத்திப்பத்து. மீதி மூணு அடிய ஒங்க மிஷினு தின்னுருச்சா?"

இத்தனை நாள் காத்திருந்த வெற்றி வந்து எதிரே நிற்கிறது, கையில் தக்காளிக் கறையோடு. திரையையே பார்த்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது.

"சார், நம்ம எண்ணுல எப்பவும் ஒரு புள்ளி இருக்கும்ல? இதுல இல்லையே."

613க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஒரு சைபர் போட்டுத் தட்டினார். 122.6 என்று வந்தது. புள்ளி ஆறு அடி என்றால் ஏழு அங்குலமும் கொஞ்சமும். அவர் கையில் எழுதித் துடைத்த அதே ஏழு அங்குலம்.

முழு எண்ணாகக் கொடுத்து வகுக்கச் சொன்னால் முழு எண்ணை மட்டும் திருப்பித் தருமாம், மிச்சத்தை வெட்டிப் போட்டுவிடுமாம். கையேட்டில் தெளிவாக ஒரு வரி போட்டிருந்தது. பத்து நாள் பயிற்சியில் அந்த வரி வந்த நேரத்தில் அவர் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். மிஷின் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்கிற அரசாங்க ஆபீஸ் ஒழுக்கம் அதற்கு இருந்தது.

"ரிஜிஸ்டர் ஆனது ஆனதுதான், விடுங்க" என்றார் முதலாளி. "இல்ல சார், நாளைக்குத் தேவாரம் போறேன்" என்றார் இவர். முதலாளி பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பக்கம் திரும்பி, "நீயும் வாம்மா" என்றார். 122.6 என்று வந்ததைப் பிரின்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் போகும்போது சொன்னார்: "அந்தப் பேப்பர எடுக்காத. நான் வாயாலயே சொல்லிப் பாக்குறேன்."

முள்வேலிக்கு அருகிலேயே நான்கு அண்ணன்மாரும் வந்து நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை, காலடியில் வரிசையாகத் தக்காளிக் கூடை. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உதடு அசையவில்லை. பென்சில் எடுக்கவில்லை.

"அறுநூத்திப் பதிமூண அஞ்சால வகுத்தா, ஆளுக்கு நூத்திருவத்திரெண்டு அடி ஏழு அங்குலம், அதுக்கு மேல ஒண்ணரை நூலு. மிச்சம்னு ஒண்ணு கெடையாது. இந்த மூணு அடியும் அஞ்சு பங்குக்குள்ள போகணும். அன்னைக்கே இது எனக்குத் தெரியும். நாஞ் சொல்றேன்."

அந்த 'நாஞ் சொல்றேன்' என்பதைச் சொல்ல அவருக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொல்லுவீக. மிஷினு என்ன சொல்லுச்சு?"

"மிஷின்ல நான் கேட்ட விதம்…"

"மிஷினுக்கென்ன சொந்தமா பந்தமா, தப்பாச் சொல்றதுக்கு? மனுசந்தான் ஆளப் பாத்து மாத்திச் சொல்லுவான். எங்க தங்கச்சி ஆபீசுக்கு வந்துட்டுப் போனான்னு கேள்விப்பட்டேன். தக்காளி கிக்காளி குடுத்தாளாக்கும்?"

தன் வேதத்தையே தனக்கு ஓதுகிறவரிடம் என்ன பேசுவது? எங்கள் ஆள் இடது கையை ஒருமுறை மூடித் திறந்தார். கையில் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பேப்பரை எடுத்து நீட்டினேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற கம்ப்யூட்டர் பேப்பர். பெரியண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார்.

"இதென்ன, புள்ளி ஆறு?"

"ஏழு அங்குலம்" என்றேன். "ஆளுக்கு ஏழு அங்குலம் கூட வரும்."

"எனக்குமா?" என்றார் இரண்டாவது அண்ணன். "அப்ப எனக்கு?" என்றார் மூன்றாமவர். ஞாயம், தர்மம், கூடப் பிறந்தவள் கண்ணீர் இதெல்லாம் நாலு மாதமாக அசைக்காத முள்ளை ஏழு அங்குலம் கால்மணி நேரத்தில் அசைத்தது. திருத்தப் பத்திரத்துக்கு எல்லாரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, நாலு பேருமே முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டார்கள். தங்கை முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முள் கிடந்த இடத்தை மிதித்து, வண்டிப்பாதைக்கு நடந்தாள்.

பெரியண்ணன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பாத்தீகளா, கம்ப்யூட்டரு சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்கதான் தப்பா வரைஞ்சுப்புட்டீக."

"ஆமாங்க" என்றார் எங்கள் ஆள். "தப்பு என்னுதுதான்."

பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம், நான் நடைபாதைக்கு அந்தப் பக்கத்து சீட்டில். போடி தாண்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"சார், அன்னைக்கு அந்த ரெண்டு கோட்டையும் நான் பாத்தேன். மூணு அடி நிக்கிதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

அவர் வெளியே பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும்மா. ஒம் பேனா நின்னதப் பாத்தேன். தண்ணியக் குடிச்சு முடிச்ச பெறகும் டம்ளர வெச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன். இது என்ன சார்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மிஷினு சொன்னத அழிச்சிட்டு என் கணக்கப் போட்டிருப்பேன். எனக்குத் துணைக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு, அம்புட்டுத்தான்."